கோடு கச்சேரி ஏற நேர்ந்தால்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எங்கள் பரம்பரையில் கோடு கச்சேரி ஏறியவர் எவரும் இல்லை." இப்படிச் சொல்லிக்கொண்டு வராத ஆளை நான் கண்டது குறைவு. சட்டத்தரணி ஒருவரின் லிகிதராக வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு நீதிமன்ற வாசல்களில் நின்று பழகியவன் நான். போர்க்காலத்தில் இங்கே புலிகளின் நீதிமன்றங்கள் தனியே இயங்கின. அதனால் இன்று நடுத்தர வயதில் இருக்கும் பலருக்கு இலங்கை நீதிமன்றத்தின் சொற்களும் நடைமுறையும் 2009க்குப் பிறகே அறிமுகம். நான் கண்ட தோல்விகளில் பாதி, விளங்காத ஒரு சொல்லாலோ தவறவிட்ட ஒரு திகதியாலோ வந்தவை. வாசலில் கேட்ட கேள்விகளுக்கு வாசலில் சொன்ன பதில்களே இவை. உங்கள் கோப்பைப் பார்த்த சட்டத்தரணி வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

மகனைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எந்தப் பொலிஸ் நிலையம் என்று உறுதிசெய்யுங்கள். ஒரு தாய் விடியும்வரை மூன்று நிலையங்களுக்கு அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். மகன் முதலில் போய்க் கேட்ட நிலையத்திலேயே இருந்திருக்கிறான். கேட்ட நேரத்தையும், பதில் சொன்னவரின் இலக்கத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

கைதுசெய்யும்போது காரணம் சொல்ல வேண்டும். இது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. சாதாரணக் குற்றமாயின், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. சட்டத்தரணி ஒருவர் பொலிஸ் நிலையத்துக்கே போய்ப் பேசலாம். அதற்கு நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அடித்தார்கள், காரணமின்றிப் பிடித்தார்கள் என்றால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். அதற்குக் கெடு ஒரு மாதம் மட்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கெடுவில் சேராது. காயம் இருந்தால் நீதவானிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தழும்பு ஆறிய பிறகு சொல்லும் கதைக்கு அத்தாட்சி தேடுவது கடினம்.

பொலிஸில் "நான்தான் செய்தேன்" என்று சொல்லிக் கையொப்பமும் வைத்துவிட்டான். எல்லாம் முடிந்ததா?

முடியவில்லை. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டப்படி, பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, எதிராகப் பாவிக்க முடியாது. ஆனால் அவன் சொல்லைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிய அளவுக்கு அந்தச் சொல் உள்ளே வரும். "திருடிய மோட்டாரைக் கிணற்றுக்குப் பின்னால் புதைத்தேன்" என்றவனைக் கூட்டிப்போய்த் தோண்ட, மோட்டார் கிடைத்தால், புதைத்த இடம் அவனுக்குத் தெரியும் என்பதை நீதிமன்றம் கேட்கும்.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்த விதியைத் தலைகீழாக்கியது. அதன்கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சான்றாக ஏற்கப்படும். அது மிரட்டிப் பெறப்பட்டது என்று காட்டும் பாரம் எதிரியின் தலையில் விழும். வன்னிப் பிள்ளைகள் பலரின் வழக்குகள் இந்த ஒரே ஒரு தாளின் மேலேயே நின்றன. 2022 திருத்தம் தடுப்புக் கட்டளையின் உச்சக் காலத்தை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. ஒப்புதல் பற்றிய பிரிவை அது தொடவில்லை. என் பார்வையில், தொட்டிருக்க வேண்டியதே அதுதான்.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினால்?

தமிழில் வாசித்துக் காட்டக் கேளுங்கள். வாசித்துக் காட்டும்வரை கையொப்பம் வைக்காதீர்கள். வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ். பொலிஸ் புத்தகத்தில் எழுதும் கை எந்த மொழிக்காரருடையது என்பது நம் கையில் இல்லை. "மாடு பிடித்தேன்" என்பதற்கும் "மாட்டைக் களவாகப் பிடித்தேன்" என்பதற்கும் இடையே ஒரே ஒரு சொல்தான்.

பீ அறிக்கை என்றால் என்ன?

ஒருவரை நீதவான் முன் கொண்டுவரும்போது பொலிஸ் தாக்கல் செய்யும் முதலாவது அறிக்கை. என்ன முறைப்பாடு, யார்மேல் சந்தேகம், விசாரணை எதுவரை வந்திருக்கிறது என்பவை அதில் இருக்கும். அது குற்றச்சாட்டு அல்ல. அந்தக் கட்டத்தில் உங்கள் மகனின் பெயர் "சந்தேகநபர்". குற்றப்பத்திரம் வாசிக்கப்பட்ட பிறகே "எதிரி". பத்திரிகைகள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. பீ அறிக்கை வந்த அன்றே பெயரும் படமும் போட்டுத் தீர்ப்பும் எழுதிவிடுகின்றன.

விசாரணை முடியவில்லை என்றால் நீதவான் விளக்கமறியலில் வைக்கலாம். ஒரு தடவைக்கு 15 நாளுக்கு மேல் போகாது, ஆனால் நீடிக்கலாம். "பதினான்கு நாள் மறியல்" என்று ஊரில் சொல்வது அதைத்தான். விளக்கமறியல் தண்டனையல்ல. இதைச் சொன்னால் வவுனியா சிறைச்சாலை வாசலில் சாப்பாட்டுப் பொதியோடு நிற்கும் தாய்க்குச் சிரிப்புத்தான் வரும்.

பிணை எப்போது கிடைக்கும்?

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு என்கிறது. மறுப்பதற்குக் காரணங்கள் உண்டு: ஆள் தவணைக்கு (வழக்குக் கூப்பிடும் நாளுக்கு) வரமாட்டார், சாட்சிகளைக் குழப்புவார், வெளியே வந்து மீண்டும் குற்றம் செய்வார், ஊரில் கொந்தளிப்பு உண்டாகும் என்பவை. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாயின் நீதவானுக்கு அதிகாரமில்லை. மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். போதைப்பொருள் வழக்குகளுக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கும் பிணை விதிகள் தனி, அவை இறுக்கமானவை. பிணைச் சட்டத்துக்கு உட்பட்ட வழக்கில் ஒருவரைத் தீர்ப்புக்கு முன் 12 மாதத்துக்கு மேல் மறியலில் வைக்க முடியாது. அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபர் விண்ணப்பித்தால் மேல் நீதிமன்றம் தடவைக்கு மூன்று மாதமாக, மொத்தம் இன்னும் 12 மாதம்வரை நீடிக்கலாம்.

இனி நடைமுறை. "இரண்டு இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு சரீரப் பிணை" என்று நீதவான் சொன்னால், இரண்டு பேர் வந்து கையொப்பம் வைக்க வேண்டும். அன்று காசு கட்டத் தேவையில்லை. காசுப்பிணை என்றால் மட்டும் பணம். இந்த வேறுபாடு தெரியாமல் காதுத்தோட்டை அடகு வைத்துவிட்டு வந்த ஒரு பெண் என் கண்முன் நிற்கிறாள். பிணையாளிகள் அடையாள அட்டையும் கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழும் கொண்டுவர வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் பிணை கிடைத்து, கிராம அலுவலர் கூட்டத்துக்குப் போயிருந்தால், திங்கள்வரை மறியல்தான். ஆகவே பிணை கேட்கும் நாளுக்கு முதல் நாளே அந்தத் தாளை வாங்கி வைத்திருங்கள்.

பிணை நிற்கக் கேட்கிறார்கள். மறுத்தால் முகம் முறியும். என்ன செய்வது?

முகம் முறிவது பரவாயில்லை. ஆள் ஓடினால் அந்தத் தொகையை நீங்கள் கட்ட வேண்டும்.

மன்றுக்குள் யார் யார்?

மேடையில் நீதவான். கீழே வழக்கைக் கூப்பிடுபவர் முதலியார். அவர் பெயரை ஒருமுறை, சில நாள் விரைவாகவே, சொல்வார். வாசலில் நிற்கும் ஆராய்ச்சி எனப்படும் மன்றச் சேவகர் உரத்துத் திரும்பக் கூப்பிடுவார். பொலிஸ் தரப்பில் வழக்கை நடத்துபவரும் ஒரு பொலிஸ் அதிகாரியே. மேல் நீதிமன்றத்தில்தான் அரச சட்டவாதி வருவார். எதிரிக் கூண்டில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆனால் சாய்ந்தும் நிற்காதீர்கள். கைத்தொலைபேசி அலறினால் அன்று அதை மறந்துவிடலாம்.

"குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும்?

செய்யவில்லை என்றால் "சுற்றவாளி". இந்தச் சொல்லைக் கேட்டுத் தடுமாறாதவர் குறைவு. "நான் குற்றவாளி இல்லை ஐயா" என்று சொல்லத் தொடங்கி, முதல் இரண்டு சொல்லோடு நடுங்கி நிறுத்தியவர் ஒருவர் உண்டு. முதலியார் பொறுமைசாலியாக இருந்ததால் திரும்பவும் கேட்டார்.

குற்றத்தை ஏற்றால் வழக்கு அன்றே முடியும், தண்டனை குறையவும் வாய்ப்புண்டு. அதனால் "ஏற்றுவிடு, தண்டம் கட்டிவிட்டுப் போகலாம்" என்ற ஆலோசனை வாசலில் இலவசமாகக் கிடைக்கும். வெளிநாடு போக, அரச வேலைக்கு விண்ணப்பிக்க ஒருநாள் பொலிஸ் நற்சான்றிதழ் தேவைப்படும் என்பதை அந்த ஆலோசகர் சொல்லமாட்டார்.

சுற்றவாளி என்றால் விளக்கம், அதாவது சாட்சிகளைக் கேட்கும் வழக்கு விசாரணை, நடக்கும். குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிப்பது வழக்குத் தொடுநரின் வேலை. ஒரு மாட்டுக் களவை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டில் சுட்ட குறி முறைப்பாட்டாளருடையதா, மாடு எதிரியின் பட்டியில் நின்றதை யார் கண்டார், எந்த வெளிச்சத்தில் கண்டார்? நிலவில்லாத இரவில் நூறு யார் தூரத்தில் ஆளை அடையாளம் கண்டேன் என்ற சாட்சியை அரை மணிநேரக் குறுக்கு விசாரணை கரைத்துவிடும். எதிரி பேசாமலே இருக்கலாம். சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சொல்லலாம். எதிரிக் கூண்டில் நின்றபடியே சத்தியமின்றியும் ஒரு கூற்றுச் சொல்லலாம். அதில் குறுக்கு விசாரணை இல்லை, பெறுமதியும் அந்த அளவுக்குத்தான்.

சாரதி குற்றத்தை ஏற்றுத் தண்டம் கட்டிவிட்டார். என் உழவு இயந்திரத்தை ஏன் இன்னும் தரவில்லை?

வன்னியில் அதிகம் கண்ணீர் விட்ட கேள்வி இது. அனுமதியின்றி முதிரை, பாலை மரங்கள் ஏற்றியது 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். அதில் குற்றத்தீர்ப்பு வந்தால், குற்றத்துக்குப் பாவித்த வாகனமும் அரசுடைமையாகும். சாரதி "குற்றவாளி" என்று சொன்ன அந்தக் கணத்தில் உங்கள் வாகனம் கத்தியின் கீழ் வந்துவிட்டது. அவர் கட்டியது அவருடைய தண்டம். இயந்திரத்துக்குத் தனி விசாரணை நடக்கும்.

அந்த வாகன விசாரணையில், இப்படி நடக்காமல் தடுக்க எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன் என்று உரிமையாளர் நிரூபிக்க வேண்டும். "எனக்குத் தெரியாது" போதாது. சாரதிக்கு என்ன அறிவுறுத்தல் கொடுத்தீர்கள், ஓட்டத்துக்குக் கணக்குப் புத்தகம் வைத்தீர்களா, முன்பு ஒருமுறை பிடிபட்ட சாரதியைத் திரும்பவும் வேலைக்கு வைத்தீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். லீசிங் கட்டி முடியாத வாகனம் என்றால் கம்பனிக்கும் உடனே அறிவியுங்கள். மணல், கிரவல் ஏற்றியது வேறு சட்டம். அதற்கு வேண்டியது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரம். எதுவானாலும் சாரதியும் உரிமையாளரும் முதலாம் தவணைக்கு முன்பே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே சட்டத்தரணி நல்லதல்ல. இருவர் நலனும் அங்கே பிரிகின்றன.

காணிச் சண்டை. பொலிஸ் ஏன் நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது?

அமைதி குலையும் என்று கண்டால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் பொலிஸ் தகவல் தாக்கல் செய்யலாம். தரப்பினர் தாமாகவும் செய்யலாம். நீதிபதி அங்கே பார்ப்பது காணி உறுதிப் பத்திரம் யாருடையது என்பதையல்ல, தகவல் தாக்கலான நாளில் காணி யாருடைய கையில் இருந்தது என்பதை. அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவர் வலிந்து வெளியேற்றப்பட்டிருந்தால் அவருக்கே திருப்பிக் கொடுக்கலாம். மூன்றாம் மாதம் வந்து வேலி பிடுங்கிய கதை சொல்பவருக்கு இங்கே வழியில்லை. மாவட்ட நீதிமன்றம் போய் வழக்குப் போட வேண்டும்.

சிறு சண்டைக்கும் நீதிமன்றமா?

அடிபிடி, அத்துமீறல், திட்டுவது போன்ற சிறு பிணக்குகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகும். கட்டாக்காலி மாடு வயலை மேய்ந்து, அதில் தொடங்கி மண்டை உடைந்த கதைகள் அங்கே நிறைய. இணக்கம் வராவிட்டால் சபை ஒரு சான்றிதழ் தரும். அதைக் கவனமாக வையுங்கள்.

கொலை வழக்கு ஏன் இத்தனை ஆண்டு இழுக்கிறது?

நீதவான் அதைத் தீர்ப்பதில்லை. நீதவான் நீதிமன்றம் சாதாரணமாக விதிக்கக்கூடிய சிறைத்தண்டனை இரண்டு ஆண்டுவரைதான். கொலையில் அங்கே ஆரம்ப விசாரணை மட்டும் நடக்கும். பின் கோப்பு கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய், அவர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்த பிறகே மேல் நீதிமன்றத்தில் விளக்கம். இடையில் இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை, இடம் மாறிப்போன பொலிஸ் சாட்சி, சுவிஸுக்குப் போய்விட்ட கண்கண்ட சாட்சி. 2015இல் நடந்த புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில் 2017 செப்டெம்பரில் தீர்ப்பு வந்தது. அதை மூன்று நீதிபதிகள் அமர்ந்த விசேட மன்று கேட்டது. சாதாரண வழக்குக்கு அந்த வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

எல்லாச் சாவும் கொலையாகத் தீர்வதில்லை. திடீர்ச் சண்டையிலோ, பொறுக்க முடியாத கோபமூட்டலிலோ நடந்தது என்று கண்டால் அது கைமோசக் கொலை. தண்டனை 20 ஆண்டுவரை சிறை.

கொலைக்கு மரண தண்டனை என்கிறார்களே, தூக்கிலிடுகிறார்களா?

விதிக்கிறார்கள். 1976க்குப் பிறகு நிறைவேற்றியதில்லை. ஜனாதிபதி அதை ஆயுள் தண்டனையாக மாற்றலாம்.

"இரண்டு ஆண்டு சிறை, ஐந்து ஆண்டுக்கு ஒத்திவைப்பு" என்றால் ஏழு ஆண்டா?

இல்லை. இன்று வீட்டுக்குப் போகலாம். அந்த ஐந்து ஆண்டுக்குள் சிறைத்தண்டனைக்குரிய இன்னொரு குற்றம் செய்தால், பழைய இரண்டு ஆண்டும் எழுந்து வரும். இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட சிறையை இப்படி ஒத்திவைக்க முடியாது. சட்டம் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை வைத்த குற்றத்துக்கும் பொதுவாக இல்லை.

கடூழியச் சிறை என்றால் வேலையோடு, சாதாரணச் சிறை என்றால் வேலையின்றி. தண்டப்பணம் கட்டாவிட்டால் அதற்குப் பதிலாக ஒரு சிறைக்காலத்தையும் தீர்ப்பில் சொல்லியிருப்பார்கள். சிறைக்குப் பதில் சமுதாய வேலைக்கு அனுப்பும் 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. கசிப்போடு (கள்ளச் சாராயத்தோடு) பிடிபட்ட குடும்பக்காரருக்குச் சிறையைவிடப் பாடசாலை வளவைத் துப்புரவாக்குவது நல்லது என்பது என் எண்ணம். தீர்ப்புக்கும் தண்டனைக்கும் இடையில் உங்கள் சட்டத்தரணி எழுந்து பேசும் சில நிமிடங்கள் பெறுமதியானவை: முதற்குற்றம், பிள்ளைகளின் வயது, நோய், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த நட்டஈடு. அந்தத் தாள்களை அன்று காலையிலேயே அவர் கையில் கொடுங்கள்.

பிள்ளை விருப்பத்தோடுதான் அவனோடு போனாள். இரு வீட்டாரும் சம்மதம். பிறகு ஏன் வழக்கு?

பெண்ணுக்கு 16 வயது நிரம்பாவிட்டால் அவளுடைய சம்மதத்தைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டாரின் சம்மதத்தை எப்போதும் எடுப்பதில்லை. குற்றத்தின் பெயர் வல்லுறவு, சட்டத்தில் எழுதிய குறைந்தபட்சம் 10 ஆண்டு. அந்தக் குறைந்தபட்சம் நீதிபதியின் கையைக் கட்டாது என்று உயர் நீதிமன்றம் 2008இல் சொன்னது. குற்றம் இல்லை என்று சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழைப் பார்க்காமல் கலியாணம் பேசும் பெரியவர்கள் இதை இரண்டு முறை வாசிக்கட்டும்.

12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது குற்றமாகாது. 12 முதல் 14வரை பிள்ளையின் விளங்கும் ஆற்றலைப் பார்த்து நீதவான் தீர்மானிப்பார். இது 2018 திருத்தம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை.

சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் தோன்றுவார்கள். மேல் நீதிமன்றத்தில் எதிரிக்குச் சட்டத்தரணி இல்லாவிட்டால் நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். நியமிக்கப்பட்டவர் என்பதால் அரைமனத்தோடு பேசுவார் என்று நினைக்காதீர்கள். ஆனால் அவரைத் தேடிப்போய்க் கதை சொல்வது உங்கள் வேலை.

தீர்ப்புப் பிழை என்று நினைக்கிறேன்.

மேன்முறையீட்டுக்குக் கெடு 14 நாள். நீதவானின் தீர்ப்புக்கு மாகாண மேல் நீதிமன்றம், மேல் நீதிமன்றத் தீர்ப்புக்குக் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம். விடுமுறை நாள் சேருமா சேராதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காமல் முதல் வாரத்திலேயே மனுவைக் கொடுங்கள். சிறைக்குள் இருப்பவர் சிறை அதிகாரி மூலமும் கொடுக்கலாம். கெடு தவறினால் மீளாய்வு என்றொரு வழி உண்டு. அதற்கு விசேட காரணம் காட்ட வேண்டும்.

தவணைக்குப் போக முடியாமல் போய்விட்டது. இனி?

பிடியாணை போட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்து பிடிக்கும்வரை இருக்காதீர்கள். சட்டத்தரணி மூலம் வழக்கை மன்றில் எடுக்கக் கேட்கும் நகர்த்தல் பத்திரம் போட்டு, நீங்களே போய் மன்றில் நில்லுங்கள். நோயென்றால் வைத்தியச் சான்றிதழ் கொண்டுபோங்கள். பஸ் வரவில்லை என்ற காரணத்தை நீதவான்கள் ஏற்பதும் உண்டு, ஏற்காததும் உண்டு. துணுக்காய்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெரியவர் தவணைக்கு முதல் நாளே முல்லைத்தீவுக்கு வந்து, மகள் வீட்டுத் திண்ணையில் படுத்து, விடிய எழுந்து மன்றுக்கு வருவார். அவரிடம் கடைக்காரர் கொடுத்த ஒரு நாட்காட்டி உண்டு. அமாவாசைக்கும் பறுவத்துக்கும் இடையில், சிவப்புப் பேனையால் வட்டம் போட்ட தவணைகள். மூன்று ஆண்டாக ஒன்றும் தவறவில்லை. அடுத்த வட்டம் வைகாசி 12.